வரி குறையும் என்று நாடு மாறலாமா? பெட்டி கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

வருமான வரி இல்லாத நாடுகளின் பட்டியலைத் தேடி எடுக்க ஐந்து நிமிடம் போதும். அமீரகம், கத்தார், பஹ்ரைன், குவைத், பஹாமாஸ், பெர்முடா, கேமன் தீவுகள், மொனாக்கோ. இவற்றில் மொனாக்கோ மூத்தது. 1869-லேயே தன் மக்களிடம் வருமான வரி வாங்குவதை நிறுத்திவிட்டது. ஆனால் அங்கே குடியேறும் பிரெஞ்சுக் குடிமகனுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. பிரான்சும் மொனாக்கோவும் 1963-ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அவர் பிரான்சிலேயே இருப்பவரைப் போல பிரான்சுக்கு வரி கட்ட வேண்டும். எதிர்வீட்டு பிரிட்டிஷ்காரர் ஒன்றும் கட்டாமல் இருக்கலாம். ஒரே கட்டடம், ஒரே மாடி, ஒரே கடல் காட்சி. வரி மட்டும் வேறு.

நாடு மாறி வரியைக் குறைக்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் கணக்கைக் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். போகும் நாடு எவ்வளவு வாங்கும் என்று பார்க்கிறார்கள். விட்டுப் போகும் நாடு எப்போது விடும், எந்த விலைக்கு விடும் என்பதை யாராவது ஞாபகப்படுத்தினால்தான் யோசிக்கிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது.

சட்டத்துக்கு உட்பட்டு வரியைக் குறைத்துக்கொள்வது குற்றமில்லை. வசிக்காத ஊரில் வசிப்பதாக அரசாங்கத்திடம் எழுதிக் கொடுப்பது குற்றம். இதற்கு மேல் அந்த விவாதத்துக்குள் போகப் போவதில்லை.

படி 1: உங்களைக் கட்டியிருக்கும் கயிறு எது?

ஏறக்குறைய எல்லா நாடுகளும் வசிப்பிடத்தை வைத்தே வரி போடுகின்றன. அங்கே வசித்தால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் வருமானத்துக்கு வரி; வசிக்காவிட்டால் அந்த நாட்டுக்குள் விளையும் வருமானத்துக்கு மட்டும். பனாமா, பராகுவே, ஹாங்காங் போன்றவை இன்னும் இலகுவானவை: அங்கே வசித்தாலும் வெளிநாட்டில் விளைந்த வருமானத்தைப் பொதுவாகத் தொடுவதில்லை.

பெரிய விதிவிலக்கு அமெரிக்கா. அதன் குடிமக்கள் எந்தக் கண்டத்தில் வாழ்ந்தாலும் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே. வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்ததில் ஒரு பகுதிக்கு விலக்கு உண்டு (2025-ம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை). ஆனால் முதலீட்டு லாபம், டிவிடெண்ட், வாடகைக்கு அந்த விலக்கு உதவாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வரிக்காக மட்டும் நாடு மாறினால், பாதிக் கயிற்றைத்தான் அறுக்கிறார். எரித்ரியாவும் வெளிநாட்டில் வாழும் தன் மக்களிடம் 2 சதவீதம் கேட்கிறது.

இந்தியா நடுவில் நிற்கிறது. 2020-ல் வந்த திருத்தத்தின்படி, வெளிநாட்டு ஆதாரங்களிலிருந்து வருவதை நீக்கிவிட்டுப் பார்த்தால் வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டும் இந்தியக் குடிமகன், வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாதவராக இருந்தால், இந்தியாவில் ஒரு நாள்கூடத் தங்காவிட்டாலும் வசிப்பவராகக் கருதப்படுவார். அதனாலேயே அவருடைய வெளிநாட்டு வருமானம் முழுவதும் வரிக்குள் வந்துவிடாது என்பது வேறு விஷயம். வரியே இல்லாத நாட்டை நோக்கிக் கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி இது.

படி 2: 183 நாள் என்ற மந்திரத்தை மறந்துவிடுங்கள்

"ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் போதும்." இந்தத் துறையில் இதைவிட அதிகமாகச் சொல்லப்பட்ட, இதைவிட அதிகம் பேரை மாட்டிவிட்ட வாக்கியம் இல்லை. 183 நாள் தங்கினால் ஒரு நாட்டில் வசிப்பவர் ஆகிவிடுவீர்கள் என்பது பல இடங்களில் உண்மை. 183 நாளுக்குக் குறைந்தால் வசிப்பவர் இல்லை என்பது அதன் மறுபக்கம் போலத் தோன்றும். ஆனால் அது உண்மையில்லை.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். 2013 ஏப்ரல் 6 முதல் அங்கே சட்டமாக இருக்கும் வசிப்பிடச் சோதனையில், முந்தைய மூன்று ஆண்டுகளில் ஒன்றிலாவது வசித்தவர் தானாகவே விடுபட வேண்டுமென்றால் ஆண்டுக்கு 16 நாளுக்கும் குறைவாகவே அங்கே இருக்கலாம். வெளிநாட்டில் முழுநேர வேலை பார்ப்பவருக்குத் தனித் தளர்வு உண்டு. இரண்டிலும் சேராதவருக்கு நாட்களோடு பிணைப்புகளையும் எண்ணுவார்கள்: குடும்பம் அங்கே இருக்கிறதா, தங்க வீடு இருக்கிறதா, வேலை செய்கிறாரா, முந்தைய ஆண்டுகளில் 90 நாளுக்கு மேல் இருந்தாரா, மற்ற எந்த நாட்டையும்விட அங்கேதான் அதிக நாள் கழித்தாரா. மூன்று பிணைப்பு உள்ளவர் 46 நாள் தங்கினாலே மாட்டிக்கொள்வார். 183 எங்கே, 46 எங்கே!

ஜெர்மனியில் எண்ணிக்கையே இரண்டாம் பட்சம். நினைத்த நேரத்தில் போய்த் தங்கக்கூடிய வீடு ஒன்று உங்கள் வசம் இருந்தால், அதன் சாவியே உங்களை வசிப்பவராக ஆக்கிவிடலாம். கனடா முதலில் பார்ப்பது மூன்றை: வீடு, வாழ்க்கைத்துணை, சார்ந்து வாழும் பிள்ளைகள்.

இவை ஏட்டு விதிகள் இல்லை. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் 1990-களின் தொடக்கத்தில் மொனாக்கோவில் வசிப்பதாகக் கணக்குக் காட்டினார். உண்மையில் மியூனிக்கில் வாழ்ந்தார் என்று முடிவு செய்த நீதிமன்றம், 2002-ல் அவருக்கு இரண்டு ஆண்டு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் அபராதமும் விதித்தது. பாடகி ஷகிரா பஹாமாஸை வசிப்பிடமாகக் காட்டிய 2012 முதல் 2014 வரையிலான ஆண்டுகளில் பாதிக்கு மேல் ஸ்பெயினில் இருந்தார் என்பது அந்நாட்டு வழக்கு. 2023 நவம்பரில், விசாரணை தொடங்கிய நாளிலேயே, அவர் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டு 70 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் ஏற்றார்.

இவர்கள் இருவரையும்விட நமக்குப் பாடமாக இருப்பவர் ராபர்ட் கெய்ன்ஸ்-கூப்பர். 1976-லேயே செஷல்ஸுக்குக் குடிபெயர்ந்த தொழிலதிபர். அங்கே அவருக்கு உண்மையிலேயே வீடு இருந்தது. பிரிட்டனில் கழித்த நாட்களையும் 91 என்ற அன்றைய வரம்புக்குள் வைத்திருந்ததாக நம்பினார். ஆனால் இங்கிலாந்தில் ஒரு பெரிய வீட்டைக் கைவிடாமல் வைத்திருந்தார். மனைவியும் மகனும் பெரும்பாலும் அங்கே இருந்தார்கள். பழைய வாழ்க்கையிலிருந்து தெளிவாக விடுபடவே இல்லை என்று சொல்லி 2011-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவருடைய முறையீட்டைத் தள்ளிவிட்டது. நாட்களை எண்ணியவர், வீட்டை எண்ண மறந்துவிட்டார்.

உங்கள் நாட்டின் சோதனையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதுங்கள்: வீடு, துணை, பிள்ளைகளின் பள்ளி, வாகனம், வங்கிக் கணக்கு, கிளப் உறுப்பினர் அட்டை, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர். நாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நியூயார்க்கிலிருந்து டெக்சாஸுக்கு மாறியதாகச் சொன்ன ஒருவரின் வழக்கில், தன் வயதான நாயை எப்போது அங்கே அழைத்துச் சென்றார் என்பதே திருப்புமுனையாக அமைந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே "போகிறது" அல்லது "இங்கேயே இருக்கிறது" என்று எழுதுங்கள். "இங்கேயே இருக்கிறது" என்பவையே அதிகமாக இருந்தால், நீங்கள் திட்டமிடுவது குடிபெயர்ச்சி இல்லை, நீண்ட விடுமுறை.

இரண்டு நாடுகளும் ஒரே ஆண்டில் உங்களைத் தம்மவர் என்று உரிமை கோருவதும் நடக்கும். இடையில் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் பஞ்சாயத்துக்கு ஒரு வரிசை உண்டு: நிரந்தர வீடு எங்கே, வாழ்வின் மையம் எங்கே, வழக்கமாகத் தங்குவது எங்கே, குடியுரிமை எது, அதற்கும் மேல் போனால் இரு அரசுகளும் பேசித் தீர்க்க வேண்டும். வரியே இல்லாத தீவுகளோடு இத்தகைய ஒப்பந்தங்கள் அரிது. அங்கே போகிறவர்களுக்குத்தான் இந்தக் குடை அதிகம் தேவை. அவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

படி 3: வாசலில் வாங்கும் கட்டணம்

பங்குகள், சொந்த நிறுவனம் என்று மதிப்பு ஏறிய சொத்து இல்லாதவர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். இருப்பவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

பல நாடுகள், நீங்கள் கிளம்பும் நாளில் சொத்தை விற்றுவிட்டதாகப் பாவித்து, கையில் வராத லாபத்துக்கு வரி போடுகின்றன. கனடாவில் பெரும்பாலான சொத்துகளுக்கு இது பொருந்தும். உள்நாட்டு நிலம், வீடு போன்றவற்றுக்கு விலக்கு. ஜெர்மனியில் ஒரு நிறுவனத்தின் 1 சதவீதப் பங்கு வைத்திருந்தாலே போதும். ஜப்பான் 2015 ஜூலை முதல், நிதிச் சொத்து 10 கோடி யென்னைத் தொட்டவர்களில் நீண்ட காலம் அங்கே வசித்தவர்களிடம் கேட்கிறது. செல்வ வரியைத் தாங்காமல் பணக்காரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்த நார்வே, 2024-ல் தன் விதியை இறுக்கியது. வெளியேறுகிறவர் 12 ஆண்டுகளுக்குள் தீர்த்தாக வேண்டும். அமெரிக்கக் குடியுரிமையைத் துறப்பவரின் நிகர சொத்து 20 லட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் அவருக்கும் இதே கதை.

பிரிட்டன் கிளம்பும்போது கேட்பதில்லை, திரும்பும்போது கேட்கிறது. வெளியே இருந்த காலத்தில் பழைய சொத்தை விற்றுவிட்டு ஐந்து ஆண்டு முடிவதற்குள் திரும்பி வந்தால், அந்த ஆதாயம் நீங்கள் திரும்பி வந்த ஆண்டின் வரியில் ஏறிவிடும். "இரண்டு வருஷம் போய் நிறுவனத்தை விற்றுவிட்டு வந்துவிடலாம்" என்ற யோசனைக்கு வைத்த பூட்டு அது. தன் பட்டியலில் உள்ள வரிச் சொர்க்கத்துக்கு மாறும் ஸ்பெயின் குடிமகன், மாறிய ஆண்டும் அடுத்த நான்கு ஆண்டும் ஸ்பெயினில் வசிப்பவராகவே கருதப்படுவார். வாசல் தாண்டிய பிறகும் வாரிசு வரி கூடவே வரும்: நெதர்லாந்துக் குடிமகன் வெளியேறிப் பத்து ஆண்டுக்குள் இறந்தால், அங்கேயே இறந்ததாகத்தான் கணக்கு.

படி 4: வருமானத்தை ஊர்வாரியாகப் பிரியுங்கள்

நீங்கள் நகர்ந்தாலும் எல்லா வருமானமும் நகராது. வீட்டு வாடகைக்கு அந்த வீடு நிற்கும் நாடு முதலில் வரி எடுக்கும். அதில் மாற்றமே இல்லை. டிவிடெண்ட் பிறக்கும் நாட்டில் பெரும்பாலும் பிடித்தம் போகும். அரசு ஓய்வூதியம் பெரும்பாலும் அதைக் கொடுக்கும் நாட்டின் பிடியில் இருக்கும். சம்பளம் பொதுவாக நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தைத் தொடரும்.

சிக்கல் சொந்த நிறுவனத்தில்தான். முதலாளி வெளிநாட்டில் உட்கார்ந்து எல்லா முடிவையும் எடுத்தால், நிறுவனமே அந்த நாட்டில் வசிப்பதாக அங்கே சொல்வார்கள். நேர்மாறாக, நீங்கள் மட்டும் கிளம்பி, வாடிக்கையாளரும் ஊழியரும் அலுவலகமும் பழைய ஊரில் இருந்தால், லாபம் அங்கேயே வரிக்கு உட்படும். வருமானத்தில் பெரும்பகுதி வாடகையும் நகராத தொழிலும் என்றால், இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடலாம். நாடு மாறினாலும் வரி பெரிதாக மாறப்போவதில்லை.

படி 5: போகும் நாட்டின் முழு விலைச்சீட்டு

வருமான வரி இல்லையென்றால் அரசு வேறெங்கோ வாங்குகிறது. சவுதியில் சம்பளத்துக்கு வரி இல்லை. மதிப்புக்கூட்டு வரி 2020-லிருந்து 15 சதவீதம். அமீரகத்தில் அது 5 சதவீதம். ஆனால் 2023 ஜூன் முதல் 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட தொழில் லாபத்துக்கு 9 சதவீத நிறுவன வரி வந்துவிட்டது. தனியாகத் தொழில் செய்பவரின் ஆண்டு வரவு 10 லட்சம் திர்ஹத்தைத் தாண்டினால் அவரும் உள்ளே வருகிறார். "அமீரகத்தில் வரியே இல்லை" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும் ஏஜெண்டுகளிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

இன்னொரு ஆபத்து, சலுகையின் ஆயுள். போர்ச்சுகல் 2009-ல் புதிதாகக் குடியேறுவோருக்குப் பத்தாண்டுச் சலுகை அறிவித்தது. வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு முதலில் வரியே இல்லை. 2020-ல் புதியவர்களுக்கு 10 சதவீதம் ஆயிற்று. 2024-ல் அந்தக் கதவே அடைபட்டு, வேறு தகுதிகள் கொண்ட குறுகலான திட்டம் ஒன்று வந்தது. இத்தாலி 2017-ல் வெளிநாட்டு வருமானம் முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் யூரோ கட்டினால் போதும் என்றது. 2024 ஆகஸ்டில் புதியவர்களுக்கு அதை இரண்டு லட்சமாக்கியது. இந்த இரு நாடுகளும், மாற்றத்துக்கு முன் உள்ளே வந்தவர்களிடம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றின. பிரிட்டன் அப்படிச் செய்யவில்லை. இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த அயல்பூர்வீகச் சலுகையை (பூர்வீகம் வெளிநாடு என்பவர்களின் வெளிநாட்டு வருமானத்துக்குத் தந்த வரிச் சலுகை) 2025 ஏப்ரலில் உள்ளே இருந்தவர்களுக்கும் சேர்த்தே முடித்துவிட்டது. தாய்லாந்தில் வெளிநாட்டு வருமானத்தை அடுத்த ஆண்டு கொண்டுவந்தால் வரி இல்லை என்ற வழி 2024 ஜனவரியோடு மூடப்பட்டது. அதை நம்பிக் குடியேறியவர்கள் நிறையப் பேர். எனவே ஒரு நாட்டின் இன்றைய விகிதத்தோடு, கடந்த பதினைந்து ஆண்டுகளில் அது பழைய விருந்தாளிகளை எப்படி நடத்தியது என்பதையும் பாருங்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

படி 6: நூறை வைத்து ஒரு கணக்கு

ஆண்டு வருமானம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாணயம் என்பது வேண்டாம். இப்போது வரியும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் சேர்த்து 30 போகிறது. புதிய நாட்டில் 8 போகும். மிச்சம் 22, விளம்பரங்கள் இங்கே நின்றுவிடும்.

தொடருங்கள். தனியார் மருத்துவக் காப்பீடு 3. பிள்ளைகளுக்குப் பன்னாட்டுப் பள்ளி 5. நின்றுபோன ஓய்வூதியச் சந்தாவுக்கு ஈடாக நீங்களே சேமிக்க வேண்டியது 4. இரண்டு நாட்டிலும் ஆடிட்டர் 1. பெற்றோரைப் பார்க்க விமானப் பயணம் 2. கூடுதல் வாடகை 3. ஆக 18. ஆண்டு மிச்சம் 22 இல்லை, 4.

இனி ஒருமுறைச் செலவு. இடம்பெயர்ச்சி, விசா, முன்பணம் 6. வெளியேறும் வரி: பங்குகளில் ஏறியிருக்கும் லாபம் 80 என்றால், 20 சதவீதத்தில் 16. மொத்தம் 22. ஆண்டுக்கு 4 வீதம் இதை மீட்க ஐந்தரை ஆண்டு. அந்த 16 என்றைக்காவது கட்ட வேண்டிய வரிதானே என்று வாதிடலாம், சரிதான். ஆனால் விற்காத பங்குக்கு இன்றைக்கே ரொக்கம் புரட்ட வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பிள்ளைகள் இல்லாத, சொத்து சேராத, மடிக்கணினியோடு வேலை செய்யும் இளைஞருக்கு இந்தக் கணக்கு முற்றிலும் வேறாக வரும். அவருக்கு 22-ல் 15 மிஞ்சக்கூடும். நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளோடு, சொந்த நிறுவனம் வைத்திருப்பவருக்குத்தான் பெரும்பாலும் 4 வருகிறது. விளம்பரங்கள் குறிவைப்பது இவரைத்தான்.

போட்ட பணம் திரும்ப மூன்று ஆண்டுக்கு மேல் ஆகுமென்றால் நான் போகமாட்டேன். மேலே சொன்ன சலுகைகளின் ஆயுளைப் பார்த்த பிறகு, அதற்கு மேல் எந்த அரசின் விதியையும் நம்பிக் கணக்குப் போட எனக்குத் துணிவில்லை.

ஓய்வூதியத்தைத் தனியாகப் பாருங்கள். பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் பெற குறைந்தது 10 ஆண்டு, முழுத்தொகைக்குப் பொதுவாக 35 ஆண்டு சந்தாக் கணக்கு வேண்டும். அதை வாங்கிக்கொண்டு கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா போன்ற நாடுகளில் வாழ்ந்தால், ஆண்டுதோறும் வரும் உயர்வு கிடைக்காது. தொகை அப்படியே உறைந்து நிற்கும். அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அதன் எல்லைக்குள் மட்டுமே செல்லும். இருபது ஆண்டு கழித்துத் தெரியும் செலவுகள் இவை.

படி 7: ஒத்திகை

வீட்டை விற்பதற்கு முன் அங்கே மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அந்த ஊரின் மோசமான பருவத்தில் போங்கள். சுற்றுலாப் பயணியாக இல்லாமல், பள்ளி, மருத்துவமனை, வங்கி என்று அலையுங்கள். வங்கிக் கணக்கு திறக்கவே பல வாரம் ஆகும் ஊர்கள் உண்டு. துணைக்கு அங்கே வேலை செய்ய அனுமதி கிடைக்குமா என்று பாருங்கள். இல்லையென்றால் 6-ம் படிக்குத் திரும்பிப் போய் அந்தச் சம்பளத்தைக் கழியுங்கள். ஒரு கேள்வியை வீட்டில் எல்லோரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: வரி இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால் இங்கே வருவாயா?

படி 8: கிளம்பும் ஆண்டு

வரி ஆண்டு எல்லா நாட்டிலும் ஒன்றில்லை. பிரிட்டனில் ஏப்ரல் 6, இந்தியாவில் ஏப்ரல் 1, பல நாடுகளில் ஜனவரி 1. ஆண்டின் நடுவில் கிளம்பினால் அந்த ஆண்டை இரண்டாக வெட்டிக் கணக்கிட உங்கள் நாடு அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். அனுமதிக்காவிட்டால் சில வாரம் முன்பின்னாகக் கிளம்புவதே ஒரு முழு ஆண்டின் வரியைத் தீர்மானிக்கும். போனஸ், பங்கு விற்பனை, டிவிடெண்ட் எல்லாவற்றின் தேதியையும் அதற்கேற்ப வையுங்கள்.

ஆலோசகர் இருவர் வேண்டும், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒருவர். விசாவும் நிறுவனமும் விற்கிறவர் சொல்லும் வரி ஆலோசனையை நம்பி மட்டும் பெட்டி கட்டாதீர்கள்; அவருக்கு நீங்கள் வந்து சேர்ந்தால் கமிஷன், நீங்கள் விட்டு வந்தது சரியாக அறுபட்டதா என்பது அவர் கவலை இல்லை.

பழைய நாட்டில் குடியிருப்புப் பதிவு இருந்தால் நீக்குங்கள், வரித் துறைக்கு முறைப்படி அறிவியுங்கள், வங்கிகளில் வசிப்பிட நாட்டை மாற்றுங்கள். இந்தக் கடைசி வேலையை மறப்பவர்கள் அதிகம். 2017 முதல் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தமக்குள் தானாகவே பரிமாறிக்கொள்கின்றன. சுவிட்சர்லாந்தும் கேமன் தீவுகளும் அமீரகமும் அதில் உண்டு. வங்கிப் படிவத்தில் பழைய முகவரி இருந்தால், இருப்பும் வட்டியும் பழைய நாட்டுக்கே போய்ச் சேரும். அந்தத் தகவல் உங்கள் வரிக் கணக்கோடு முரண்பட்டால் கடிதம் வரும்.

புதிய நாட்டில் வரி வசிப்பிடச் சான்றிதழ் வாங்குங்கள். விசா இருப்பதும் வசிப்பிடச் சான்றிதழ் இருப்பதும் ஒன்றில்லை. அமீரகத்தில் குடியிருப்பு அனுமதியோடு வேலையோ நிரந்தர வீடோ இருந்தால் 90 நாள் தங்கியதைக் காட்டி வாங்கலாம், இல்லையென்றால் 183. ஆண்டுதோறும் புதுப்பியுங்கள்.

எந்த நள்ளிரவில் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்று அன்றன்றைக்கே ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். விமானச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய வீட்டு மின் இணைப்பைத் துண்டித்த ரசீது எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். வரித் துறையின் கேள்வி பெரும்பாலும் ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் வரும். அப்போது அந்த மின்சார ரசீதைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.